ஈகிள் போர்டில் உட்காரப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பிள்ளை ஸ்கவுட் (சாரணர்) ட்ரூப்பில் சேர்ந்துவிட்டால், வீட்டில் யாராவது ஒருவர் சீக்கிரமே கமிட்டிக்குள் இழுக்கப்பட்டுவிடுவார். முதலில் கேம்புக்குக் கார் ஓட்டச் சொல்வார்கள், பிறகு பாப்கார்ன் விற்பனைக் கணக்கு. கடைசியில் ஒருநாள் "ஈகிள் போர்ட் ஆஃப் ரிவ்யூவுக்கு ஒரு ஆள் குறைகிறது, வர முடியுமா?" என்று மெயில் வரும். ஈகிள் என்பது ஸ்கவுட்டில் மிக உயர்ந்த நிலை, அதைத் தருமுன் பெரியவர்கள் சிலர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசும் நேர்காணல்தான் இந்தப் போர்டு. வர முடியும் என்று சொன்னவர்களுக்காகத்தான் இது.

நம்மில் பலருக்கு இந்த மாதிரி நேர்காணல் என்றால் நினைவுக்கு வருவது கல்லூரி வைவாதான். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் ரெக்கார்ட் நோட்டைப் புரட்டுவார், பையனுக்குத் தெரியாத இடம் எது என்று மோப்பம் பிடித்து அங்கேயே குத்துவார். அந்த எக்ஸாமினர் நமக்குள்ளும் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். ஈகிள் போர்டு அறைக்குள் போகும்போது அவரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஸ்கவுட்டிங் அமெரிக்காவின் (2025 பிப்ரவரிக்கு முன் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா) முன்னேற்ற வழிகாட்டி நூல் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது: போர்டு மறுதேர்வு ஆகக் கூடாது, அந்த இளைஞரின் அறிவுக்குச் சவாலாகவும் ஆகக் கூடாது. முடிச்சு போடச் சொல்வது, முதலுதவிப் படிகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வது, திசைகாட்டியைக் கையில் கொடுத்து வடக்கு எங்கே என்று கேட்பது எதுவும் கிடையாது. அதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முடித்தாயிற்று.

அதற்காக வெறும் கைதட்டல் கூட்டமும் இல்லை. ஒரு லைஃப் ஸ்கவுட் (ஈகிளுக்கு ஒரு படி கீழே) ஈகிள் ஆவதற்கு லைஃப் ஆன பிறகு குறைந்தது 6 மாதம் ட்ரூப்பில் சுறுசுறுப்பாக இருந்திருக்க வேண்டும். பொறுப்பு ஒன்றை 6 மாதம் வகித்திருக்க வேண்டும். 21 மெரிட் பேட்ஜ் (ஒரு துறையில் கற்று முடித்ததற்குத் தரும் பட்டை) வேண்டும். சேவைத் திட்டம் ஒன்றைத் திட்டமிட்டு, வளர்த்து, மற்றவர்களை வழிநடத்தி முடித்திருக்க வேண்டும். ட்ரூப்பை நடத்தும் ஸ்கவுட்மாஸ்டருடன் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இவை எல்லாம் 18 வயது நிறைவதற்குள். போர்டு மட்டும் அதற்குப் பிறகு நடக்கலாம், 24 மாதத்துக்குள் என்றால் தனி அனுமதி தேவையில்லை. செய்ய வேண்டியது செய்யப்பட்டிருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது நம் வேலையில் ஒரு பாதி. தான் செய்ததைப் பிள்ளை தன் வாயால் சொல்லி, அதன் அளவைத் தானே பார்க்க வைப்பது மறுபாதி. நன்றாக நடந்த போர்டில் இரண்டும் ஒரே பேச்சில் முடிந்துவிடும்.

யார் உட்காரலாம்? குறைந்தது 3 பேர், அதிகபட்சம் 6 பேர். எல்லோருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஸ்கவுட் அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஈகிள் என்றால் என்ன, போர்டு எதற்கு என்று தெரிந்திருந்தால் போதும். போர்டு ட்ரூப் அளவில் நடந்தால் டிஸ்ட்ரிக்ட் அல்லது கவுன்சில் (ட்ரூப்களுக்கு மேலே உள்ள வட்டார அமைப்புகள்) சார்பில் ஒருவராவது இருந்தே ஆக வேண்டும், அவர் அந்த ட்ரூப்பைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. ஸ்கவுட்மாஸ்டரும் உதவி ஸ்கவுட்மாஸ்டர்களும் தங்கள் ட்ரூப் பிள்ளையின் போர்டில் உறுப்பினராக முடியாது. யார் யார் உட்காருவது என்று தேர்ந்தெடுப்பதில் பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ பங்கு கிடையாது.

பெற்றோர் விஷயத்தில்தான் நம் வீடுகளில் மனத்தாங்கல் வரும். அம்மாவோ அப்பாவோ உள்ளே இருக்கக் கூடாது, ஓரமாகப் பார்வையாளராகக்கூட. பிடிவாதமாகக் கேட்டால் அனுமதித்தாக வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஆனால் அதற்கு முன், அவர்கள் இருந்தால் பிள்ளையின் பேச்சே மாறிவிடும் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். மாறும் என்பதில் சந்தேகமே வேண்டாம். அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தால், 17 வயதுப் பையன் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அந்த மூலையை ஒரு தடவை பார்ப்பான்.

போர்டு நன்றாக நடப்பதும் சொதப்புவதும் பெரும்பாலும் முந்தின நாளே முடிவாகிவிடுகிறது. விண்ணப்பம், எதிர்கால லட்சியங்களைப் பற்றிப் பிள்ளை எழுதிய பக்கம், சேவைத் திட்ட வொர்க்புக் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட வேண்டும். போர்டு தொடங்கியபின் மேஜையில் ஒவ்வொருவராகப் புரட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை எதிரே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அதோடு, படிக்காதவர் கேட்கிற கேள்வி எந்தப் பிள்ளையிடமும் கேட்கக்கூடிய கேள்வியாகத்தான் இருக்கும். "உனக்குப் பிடித்த மெரிட் பேட்ஜ் எது?" என்று கேட்டால் மனப்பாடப் பதில் வரும். விண்ணப்பத்தில் தேதிகளைப் பார்த்துவிட்டு "நீச்சல் பேட்ஜ் முதல் வருஷமே வாங்கிவிட்டாய், தனிநபர் நிதி மேலாண்மை மட்டும் கடைசியில் வந்திருக்கிறதே, என்ன ஆயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள். 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டிய பேட்ஜ் அது. பாதியில் விட்டு மறுபடி தொடங்கிய கதை ஒன்று அநேகமாக இருக்கும், அந்தக் கதையில்தான் பிள்ளை தெரியும்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றி இரண்டு விஷயம். பெற்றோர், சமயம், பள்ளி, வேலை செய்தால் முதலாளி, இன்னும் இருவர் என்று விண்ணப்பத்தில் பெயர்கள் கேட்கிறார்கள். நம் குடும்பங்கள் சமயம் என்ற இடத்தில் திணறும். கோயிலுக்கு மாதம் ஒருமுறை போவோம், ஆனால் குருக்களுக்குப் பையன் பெயர் தெரியாது. அமைப்பாக உள்ள சமயக் குழு எதிலும் சேராதவர்களுக்குப் பெற்றோரே அந்தப் பரிந்துரையைத் தரலாம் என்று விண்ணப்பத்திலேயே இருக்கிறது. இரண்டாவது, அந்தக் கடிதங்கள் ரகசியம். பிள்ளையிடம் காட்டக் கூடாது, திருப்பித் தரவும் கூடாது. கடிதம் வந்து சேரவில்லை என்பதற்காகப் போர்டைத் தள்ளிப்போடவும் கூடாது. அனுப்பச் சொல்லித் துரத்துவது பிள்ளையின் வேலை இல்லை.

அறையைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூடத்திலோ நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து, எதிரே ஒற்றை நாற்காலி போட்டால் அது கோர்ட்டு மாதிரி இருக்கும். வட்ட மேஜை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மேஜையின் முனையில் பிள்ளையை உட்காரவைத்து இரண்டு பக்கமும் நாம் உட்காரலாம். ஒரு தண்ணீர் பாட்டில். வொர்க்புக் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், படத்தைக் காட்டிப் பேசும்போது பாதிக் கூச்சம் போய்விடும். உடை விஷயத்தில் சுத்தமாக, ஒழுங்காக வந்திருந்தால் போதும். யூனிஃபார்மில் எவ்வளவு சொந்தமாக இருக்கிறதோ அவ்வளவு போட்டு வரச் சொல்லலாம், ஒரு பேட்ஜ் இடம் மாறித் தைத்திருக்கிறது என்று திருப்பி அனுப்ப முடியாது.

ஸ்கவுட்மாஸ்டர் பிள்ளையை அழைத்துவந்து இரண்டு வரியில் அறிமுகம் செய்வார். எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழியையும் ஸ்கவுட் சட்டத்தையும் சேர்ந்து சொல்வது நல்ல தொடக்கம். சேர்ந்து என்பதைக் கவனியுங்கள். பிள்ளையை மட்டும் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னால் பதற்றத்தில் சட்டத்தின் பன்னிரண்டு அம்சங்களில் ஒன்று விட்டுப்போகும், பிறகு அரை மணிநேரமும் அந்த விட்டுப்போன ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கும். முதல் கேள்வி தப்பாகப் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்கட்டும்: "இந்த ட்ரூப்பில் உன் முதல் கேம்ப் எங்கே? யார் டென்ட்டில் படுத்தாய்?" அடுத்த ஐந்து நிமிடத்தில் குரல் இறங்கி வந்துவிடும்.

சேவைத் திட்டத்துக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். அங்கே ஒரு கேள்வி எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும்: முன்மொழிவில் எழுதியதற்கும் கடைசியில் நடந்ததற்கும் என்ன வித்தியாசம்? உதாரணமாக, ஒரு பெண் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு உயர்த்திய மரப் பாத்திகள் நான்கு கட்டிக்கொடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 8 அடிக்கு 4 அடி, ஆழம் 1 அடி. ஒரு பாத்திக்கு 32 கன அடி, நான்குக்கும் 128. கடையில் மண் விற்பது கன கஜத்தில், ஒரு கன கஜம் 27 கன அடி. ஆக, ஏறத்தாழ 4.74 கன கஜம் வேண்டும். அவள் திட்டத்தில் 4 என்று எழுதியிருக்கிறாள், கணக்கு முடிவில் 6 வாங்கியதாக இருக்கிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் அவளுடைய ஈகிள் இருக்கிறது. "இங்கே மண் கூடுதலாக வாங்கியிருக்கிறாயே, அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தண்ணீர் விட்டதும் மண் அமுங்கிப்போனது, சனிக்கிழமை மதியம் கடை மூடும் நேரம், பத்துப் பேர் சும்மா நின்றார்கள், பாதிப் பேரை மரச்சட்டத்துக்கு எண்ணெய் பூச அனுப்பிவிட்டு ஒரு அம்மாவின் பிக்அப்பில் இவளே போனாள் என்று வரிசையாக வரும். வழிநடத்துவது என்றால் என்ன என்று நேரடியாகக் கேட்டிருந்தால் இதில் ஒரு சொல்கூட வந்திருக்காது.

அதே கேள்வியை "ஏன் தப்பாகக் கணக்குப் போட்டாய்?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். தகவல் ஒன்றுதான், ஆனால் பிள்ளை தற்காப்பில் இறங்கிவிடும். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை முடிந்தவரை "என்ன நடந்தது", "எப்படி முடிவெடுத்தாய்" என்று மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

மணிக்கணக்கைப் பிடித்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு போர்டிலும் ஒருவராவது இருப்பார்கள். "மொத்தம் 90 மணி நேரம்தானா? போன பையன் 300 காட்டினானே?" சேவைத் திட்டத்துக்குக் குறைந்தபட்ச மணி நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. வழிநடத்தப்பட்டவர்கள் பிள்ளையைத் தவிர இரண்டு பேராவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணிக்கை. அளவு பார்க்க வேண்டியது திட்டமிடலையும் வழிநடத்தலையும்.

பேசாத பிள்ளைகளிடம் நாம் செய்யும் பெரிய தவறு, மௌனத்தை நாமே நிரப்புவது. கேள்வி கேட்டு மூன்று விநாடி ஆனதும் ஒருவர் கேள்வியை வேறு மாதிரி கேட்பார், இன்னொருவர் பதிலையே எடுத்துக்கொடுப்பார், பிள்ளை "யெஸ் சார்" என்று முடித்துவிடும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். யோசித்துப் பேசுகிற பிள்ளைக்கு அந்தப் பத்து விநாடி நீளமாகத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். அப்படியும் வரவில்லை என்றால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "ட்ரூப்பில் உன் தலைமைப் பண்பைப் பற்றிச் சொல்" என்பதை விட்டுவிட்டு, "பதினோரு வயதுப் பையன் ஒருவன் முதல் ராத்திரி டென்ட்டில் அழுதால் நீ என்ன செய்வாய், அப்படி யாராவது அழுதிருக்கிறார்களா?" என்று கேட்டால் பெயர், இடம், மழை எல்லாம் வரும்.

எதிர்ப்பக்கம், ஒத்திகை பார்த்து வந்த பிள்ளைகள். கல்லூரி விண்ணப்பக் கட்டுரை மாதிரி, எதைக் கேட்டாலும் "இது எனக்கு விடாமுயற்சியைக் கற்றுக்கொடுத்தது" என்று முடியும். பதில் பொய் இல்லை, வழவழப்பாக இருக்கும். இவர்களிடம் "விடாமுயற்சியை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்க வேண்டும். ஆளின் பெயர் வந்துவிட்டால் ஒத்திகை கலைந்துவிடும்.

கடவுளுக்கான கடமை உறுதிமொழியிலேயே இருப்பதால் அதைப் பற்றிக் கேட்கலாம். எந்த மதம், எந்தக் கோயில், எத்தனை தடவை என்று கேட்க நமக்கு வேலை இல்லை. "கடவுளுக்கான கடமை என்று நீ எதை நினைக்கிறாய், அதை எப்படிச் செய்கிறாய்?" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொங்கலுக்குத் தாத்தாவோடு சேர்ந்து செய்ததைச் சொன்னாலும், வாராவாரம் உணவு வங்கியில் டப்பா அடுக்குவதைச் சொன்னாலும் அது பிள்ளையின் பதில். போர்டில் இருக்கும் மற்றவர் ஒரே மாதிரிப் பதிலைத்தான் எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தால் தலைவர் பேச்சை நகர்த்திவிட வேண்டும்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்று. பிள்ளை நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கும், நேற்றுவரை "அங்கிள்" என்று கூப்பிட்டிருக்கும். அறைக்குள் தமிழில் தனிப் பேச்சு வேண்டாம், மற்ற உறுப்பினர்கள் வெளியில் நிற்பதுபோல ஆகிவிடும். எஸ்ஏடி எவ்வளவு, எந்தக் காலேஜ் கிடைத்தது, கம்ப்யூட்டர் சயின்ஸா மருத்துவமா என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். லட்சியப் பக்கத்தில் பிள்ளையே எழுதியிருந்தால் அதிலிருந்து கேட்கலாம், அதற்கு மேல் அது ஸ்கவுட் விஷயம் இல்லை. அண்ணன் ஈகிள் என்றால் அண்ணனை இழுக்கவே கூடாது.

மொத்தம் அரை மணியிலிருந்து முக்கால் மணி போதும். அதற்கு மேல் போனால் புதிதாக ஒன்றும் வருவதில்லை, பெரியவர்கள் தங்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள். கடைசிக் கேள்வியாக "நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளையையும் ஸ்கவுட்மாஸ்டரையும் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். தயக்கம் இருப்பவர் தயக்கத்தை விதியோடு பொருத்திச் சொல்ல வேண்டும்: எந்தத் தேவை நிறைவேறவில்லை? "எனக்கு ஏதோ பத்தவில்லை" என்பது காரணம் ஆகாது. அடிக்கடி வருவது பொறுப்பு வகித்த 6 மாதத்தைப் பற்றிய புகார், பேட்ரோல் லீடர் (ட்ரூப்புக்குள் ஒரு சிறு குழுவின் தலைவர்) என்று பெயர் இருந்தது, ஒன்றும் செய்யவில்லை என்பார்கள். ஆனால் அந்த 6 மாதமும் ட்ரூப்பில் யாரும் கூப்பிட்டுச் சொல்லாமல், பொறுப்பிலிருந்து எடுக்காமல் விட்டுவிட்டு, போர்டில் முதன்முறையாகக் குறை சொன்னால் அது செல்லாது. வகித்த காலம் கணக்கில் சேரும். கண்டிப்பதாக இருந்தால் அன்றே கண்டித்திருக்க வேண்டும்.

அபூர்வமாக, உண்மையாகவே ஒன்று குறைகிறது என்றால் மழுப்பக் கூடாது. பிள்ளையை உள்ளே அழைத்து எது குறைகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். 18 ஆகவில்லை, சரிசெய்ய நேரம் இருக்கிறது, பிள்ளையும் சம்மதிக்கிறது என்றால் போர்டை ஒத்திவைத்து முடிந்தவரை அதே உறுப்பினர்களோடு மறுபடி கூடலாம். மறுத்துவிட்டால் காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் எழுத்தில் அனுப்புவது கட்டாயம்.

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வாழ்த்துச் சொல்ல அழைக்கும்போது ஒரு விஷயம். "சூப்பர், கங்கிராட்ஸ்" என்று கைகுலுக்கி அனுப்பினால் பிள்ளைக்கு நிற்காது. ஒவ்வொரு உறுப்பினரும் அன்றைக்குக் கேட்டதில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "மண் பத்தாமல் போனபோது நீ முதலில் ஆட்களுக்கு வேலை கொடுத்துவிட்டுப் பிறகு கடைக்குப் போனாய் பார், அது எனக்குப் பிடித்தது." இதற்காகவே பேச்சின் நடுவில் ஒரு வரி குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிடாமல் இருக்கவும் அது உதவும்.

1912-ல் முதல் ஈகிளான ஆர்தர் எல்ட்ரெட் என்ற நியூயார்க் பையனை நேர்காணல் செய்தவர்கள் ஜேம்ஸ் வெஸ்ட், டேனியல் பியர்ட், எர்னஸ்ட் தாம்சன் சீட்டன், அதாவது அன்றைய அமைப்பின் தலைகளே. அந்தப் பையன் அன்றைக்கு எப்படி வியர்த்திருப்பான் என்று யோசித்துப் பார்க்கலாம். இன்றைக்கு நம் பக்கத்து வீட்டு அங்கிள்கள் உட்காருவது எவ்வளவோ மேல்.

லைஃப் ஆன பிறகு ஒரு வருஷம், இரண்டு வருஷம் நகராமல் நிற்கிற பிள்ளைகளுக்கும் இதே பாணியில் ஒரு போர்டு வைக்கலாம். முன்னேறாதவர்களோடு உட்கார்ந்து பேசவும் வழிகாட்டி நூல் இடம் தருகிறது, பல ட்ரூப்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடுத்த அடி எது, அதற்கு யார் உதவ வேண்டும்? பெரும்பாலும் தடை சோம்பல் இல்லை. சேவைத் திட்டத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருக்கும், ஒரு போன் நம்பரில் தீர்ந்துவிடும். 17 வயது 11 மாதத்தில் நள்ளிரவில் வொர்க்புக் எழுதும் கூத்தை இது பாதியாகக் குறைக்கும்.

போர்டு முடிந்ததும் தலைவரும் டிஸ்ட்ரிக்ட் அல்லது கவுன்சில் பிரதிநிதியும் விண்ணப்பத்தில் கையெழுத்திட மறக்கக் கூடாது. எல்லோரும் கேக் வெட்டப் போய்விட்டு அந்தத் தாள் மேஜையிலேயே கிடக்கும். ஈகிள் கிடைத்த தேதியாகப் பதிவாவது போர்டு நடந்த தேதிதான். ஆனால் காகிதம் கவுன்சில் வழியாகத் தேசிய அலுவலகம் போய்ச் சான்று திரும்பி வர வேண்டும். அது வரும்வரை ஈகிள் வழங்கும் கோர்ட் ஆஃப் ஆனர் விழாவுக்குத் தேதி குறிக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையிலேயே ஹாலுக்கு அட்வான்ஸும் சாப்பாட்டுக்கு நூறு பேருக்கு ஆர்டரும் கொடுத்திருப்பார்கள்.